டெஸ்டரையே சந்தேகப்படுகிற கை

வணக்கம் நேயர்களே. ஒயரிங் வேலை பழக வேண்டும் என்று யாராவது என்னிடம் வந்தால், சான்றிதழைப் பிறகு பார்ப்பேன். முதலில் கையில் ஒரு டெஸ்டரைக் கொடுத்து, "இந்த ஒயரில் கரண்ட் இருக்கா, பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்பேன். பெரும்பாலோர் டெஸ்டரை வைப்பார்கள். விளக்கு எரியாது. "இல்லைண்ணே" என்பார்கள். எப்போதாவது ஒருவர் சற்றுத் தயங்கி, "முதல்ல இந்த டெஸ்டர் வேலை செய்யுதான்னு வேற பாயிண்டுல பார்த்துக்கட்டுமா?" என்று கேட்பார். அவரை அன்றைக்கே சேர்த்துக்கொள்வேன்.

நியான் டெஸ்டர் நம் உடம்பையும் சேர்த்துக்கொண்டுதான் எரிகிறது. காய்ந்த மரப்பலகையில் நின்றால் மங்கிவிடும். வெயிலில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே எரியாத டெஸ்டரை நம்பி ஒயரைத் தொடக் கூடாது. கரண்ட் ஓடுகிற இடத்தில் ஒருமுறை, வேலை பார்க்கப் போகும் ஒயரில் ஒருமுறை, திரும்பவும் ஓடுகிற இடத்தில் ஒருமுறை என்று மூன்று முறை பார்க்க வேண்டும். இரண்டு முனை உள்ள டெஸ்டர் இருந்தால் இன்னும் நல்லது.

கரண்டைக் கொண்டுவரும் ஒயர் ஃபேஸ், அது திரும்பிப் போகும் ஒயர் நியூட்ரல். நான் தொழில் பழகிய காலத்தில், "சுவிட்சை ஏன் ஃபேஸில்தான் போடணும், நியூட்ரலில் போட்டாலும் லைட் அணையுதே?" என்று கேட்டேன். "சொன்னதைச் செய்" என்று பதில் வந்தது. சில நாள் கழித்து, ஓர் இடத்தில் சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டர் மாற்றக் கை வைத்தேன். அங்கே யாரோ சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருந்தார்கள். விளக்கு அணைந்திருந்தது, ஹோல்டரில் ஃபேஸ் அப்படியே நின்றது. ஏணியிலிருந்து விழுந்தேன். என் கேள்விக்கு அன்றே ஒரு நிமிடம் பதில் சொல்லியிருந்தால், சுவிட்சை நம்பாமல் ஹோல்டரைச் சோதித்திருப்பேன்.

அதனால் பழக வருகிறவர் எந்த விதியைக் கேட்டாலும் காரணத்தோடு சொல்வது என் வழக்கம். அடிக்கடி வரும் கேள்வி, "எம்.சி.பி. டிரிப் ஆகிட்டே இருக்கு, 16 ஆம்பியருக்குப் பதிலா 32 போட்டுரலாமா?" என்பது. எம்.சி.பி. என்பது கரண்ட் அளவுக்கு மீறினால் தானாகவே அணைந்துவிடும் சுவிட்ச். சுவருக்குள் கிடக்கும் ஒயரைக் காக்க வைத்தது. ஒயரில் பிறக்கும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தொடர்ந்து தாங்கும். எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால் அது பேசாமல் இருக்கும், குழாய்க்குள் உறை இளகிக்கொண்டிருக்கும். எதனால் டிரிப் ஆகிறது என்று தேடுவதுதான் வேலை.

அடுத்த கேள்வி கொஞ்சம் ஆழமானது. "எர்த்தும் நியூட்ரலும் கடைசியில ஒரே இடத்துலதானே சேருது, சாக்கெட்டுலயே சேர்த்துட்டா என்ன?" நல்ல கேள்வி. எர்த் என்பது இயந்திரத்தின் உலோக உடம்பைப் பூமியோடு இணைக்கும் ஒயர். பல அமைப்புகளில் அவை சேர்வது உண்மைதான். ஆனால் நியூட்ரலில் எப்போதும் கரண்ட் ஓடும்; எர்த்திலோ, எங்காவது பழுது வந்தால் மட்டுமே ஓட வேண்டும். சாக்கெட்டில் இரண்டையும் முடிந்துவிட்டு, அதற்கு முன்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால், இயந்திரத்தின் உலோக உடம்பில் ஃபேஸ் வந்து நிற்கும். தொடுகிற கையில் ஷாக்.

அந்த ஷாக்கை எம்.சி.பி. பார்த்துக்கொள்ளாதா என்பார்கள். 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் எடுக்கும். அதில் பாதி உடம்பு வழியாகப் போனாலே இதயம் தாளம் தப்பலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இதெல்லாம் கண்ணிலேயே படாது. அதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற கருவி இருக்கிறது. ஃபேஸில் போனது நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். குறைந்தால் துண்டித்துவிடும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் பிடித்தவரை மட்டும் அதனால் காப்பாற்ற முடியாது. இதையும் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த விதிகளில் பல, எங்கோ எரிந்தபிறகு எழுதப்பட்டவை. 1882இல் லண்டனில், தந்திப் பொறியாளர்களும் மின்னியலாளர்களும் சேர்ந்த சங்கம் வெளியிட்ட ஒயரிங் விதிகளின் தலைப்பிலேயே, மின்விளக்கால் வரும் தீயைத் தடுப்பது என்றுதான் இருந்தது.

என்னிடம் பழகிய ஒரு பெண் இரண்டாம் நாளே கேட்டாள்: "அண்ணே, நான் மெயினை இறக்கிட்டு மேலே ஏறினபிறகு, கீழே யாராவது தெரியாம தூக்கிவிட்டா?" மெயினுக்கு அன்று மாலையே ஒரு பூட்டு வாங்கினோம். ஏணியில் யார் ஏறுகிறாரோ, சாவி அவர் பையில்தான் இருக்கும்.

வணக்கம்.