ரசிகருக்கு மிஞ்சியது எரிச்சலே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காரைக்குடிப் பெரியோர்களே, வணக்கம்.

'கால்பந்தில் வீடியோ நடுவர் முறையால் ரசிகருக்குக் கிடைத்தது நியாயமா, எரிச்சலா?' என்பது தலைப்பு. எரிச்சலே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் 1986-இல் மரடோனா கையால் தட்டிய கோலைச் சொன்னார். அப்புறம் நம் எல்லோர் வயிற்றெரிச்சலையும் கிளப்பும் ஒன்றைச் சொன்னார். 2024 ஜூன் 11, தோஹா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. சாங்தே அடித்த கோலில் இந்தியா 1-0 என்று முன்னால் நிற்கிறது. 73-ஆவது நிமிடத்தில் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. கத்தார் ஆட்டக்காரர் அதை உள்ளே இழுக்கிறார், இன்னொருவர் கோலுக்குள் தள்ளுகிறார், ரெஃப்ரியும் கொடுத்துவிட்டார். 2-1 தோல்வி. அடுத்த சுற்றும் போனது. அந்த ஆட்டத்தில் வி.ஏ.ஆர், அதாவது இந்த வீடியோ நடுவர் முறை, இல்லை. இருந்திருந்தால் அந்தக் கோல் நின்றிருக்காது. ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு நானும்தான் அழுதேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்தத் தவறைக் கண்டுபிடிக்க எத்தனை ரீப்ளே வேண்டும்? ஒன்று போதும். 2018-இல் ஆட்ட விதிகளில் வி.ஏ.ஆர் ஏறியபோது கொடுத்த வாக்கே அதுதான். கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறாட்டம், இந்த நான்கில் மட்டும், அதுவும் பளிச்சென்று தெரியும் தவறை மட்டும் திருத்துவோம் என்றார்கள். அந்த வாக்கைக் காப்பாற்றியிருந்தால் நான் இன்று எதிரணியில் உட்கார்ந்திருப்பேன்.

என்ன செய்தார்கள்? சக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும் நொடியில் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி முன்னால் நின்றால் அது ஆஃப்சைடு. அதைப் பார்க்கிறேன் என்று அக்குளுக்குக் கோடு போட ஆரம்பித்தார்கள். விநாடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவை வைத்துக்கொண்டு, விநாடிக்கு 9 மீட்டர் ஓடும் ஆளை அளந்தார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவிலேயே அவர் 18 செ.மீ. நகர்ந்துவிடுவார். அதை வைத்து இரண்டு விரல் அகலத்துக்கு ஆஃப்சைடு என்றால் எப்படி நம்புவது? இப்போது பந்துக்குள்ளேயே சென்சார் வந்துவிட்டது, கோடு சீக்கிரம் விழுகிறது என்பார்கள். சரி, வரட்டும். நான் கேட்பது வேறு. எதிரணிக் கோல் பக்கத்தில் போய்ப் பந்துக்காகக் காத்துக்கிடக்கக் கூடாது என்றுதானே அந்த விதி? ஆத்தங்குடிக் கல் பாவும் கொத்தனார் தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கமாட்டார். கையால் வார்த்த கல், ஒன்றைப் போல ஒன்று இருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆட்டமும் மனிதர்கள் காலால் ஆடுவதுதான்.

இயந்திரம் பொய் சொல்லாது என்றார்கள். இயந்திரத்தைப் பார்ப்பது மனிதர்தானே! 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாமுக்கும் லிவர்பூலுக்கும் ஆட்டம். லூயிஸ் டியாஸ் கோல் அடிக்கிறார். மைதானத்தில் ஆஃப்சைடு என்று கொடி தூக்கிவிட்டார்கள். வீடியோ அறையில் பார்க்கிறார்கள், ஆஃப்சைடு இல்லை. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, 'சரிபார்த்தாயிற்று' என்று சொல்லிவிட்டார்கள். நல்ல கோல் போனது. தவறு தெரிந்தபோது ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, நிறுத்த விதி இடம் தரவில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. அந்த அறையின் பேச்சுப்பதிவைப் பின்னால் வெளியிட்டார்கள். கேட்டவர்களுக்கு மனம் ஆறவில்லை.

இந்த முறை யாருக்காக? 2024 ஜூனில் இங்கிலாந்து பிரீமியர் லீகில் இதை எடுத்துவிடலாம் என்று வுல்வ்ஸ் கிளப் தீர்மானம் கொண்டுவந்தது. 20 கிளப்புகளில் 19 எதிர்த்தன. அங்கே ஓட்டு கிளப்புகள் கையில். ஸ்வீடனில் பாருங்கள். அங்கே கிளப்புகளில் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர்களான ரசிகர்கள் கையில். அவர்கள் வேண்டாம் என்றார்கள், அந்நாட்டு லீகில் வி.ஏ.ஆர் நுழையவில்லை. நார்வேயில் 2024 ஜூலையில் ரோசன்போர்க் - லில்லஸ்ட்ரோம் ஆட்டத்தில் ரசிகர்கள் மீன் வடையையும் டென்னிஸ் பந்தையும் மைதானத்துக்குள் வீசி ஆட்டத்தையே நிறுத்தினார்கள். வீசியது தவறு. ஆனாலும் கேட்க ஆளில்லாதவர்களின் கோபம் அது. அடுத்த ஆண்டு அந்நாட்டுச் சங்கம் வி.ஏ.ஆர் இருக்கட்டும் என்றே முடிவெடுத்தது.

கடைசியாக என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல், சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. மான்செஸ்டர் சிட்டியும் டாட்டன்ஹாமும். நமக்கு இரவு இரண்டு மணி தாண்டிவிட்டது. வளவில் டி.வி. முன்னால் ஆறு பேர். ஆட்டம் முடியும் நேரத்தில் ஸ்டெர்லிங் கோல் அடிக்கிறார். அது நின்றால் சிட்டி அரையிறுதிக்குப் போகும். பயிற்சியாளர் கார்டியோலா துள்ளி ஓடுகிறார். நாங்கள் கட்டிப்பிடித்துக் கத்தினோம். இரண்டாங்கட்டில் படுத்திருந்த அப்பத்தா பதறிப்போய் எழுந்து வந்தார். அவர் வந்து நிற்பதற்குள் திரையில் எழுத்து வந்துவிட்டது: ஆஃப்சைடு, கோல் இல்லை. தீர்ப்பு சரிதான், பந்தை வாங்கிக் கொடுத்த அகுவேரோ முன்னால் நின்றிருந்தார். ஆனால் அந்த ராத்திரிக்கு அப்புறம் எந்தக் கோலுக்கும் என்னால் உடனே கத்த முடிந்ததில்லை. பந்து வலையில் விழுந்ததும் கண் ரெஃப்ரியின் காதுக்குப் போகிறது. வீடியோ அறை சொல்வதைக் கேட்க அவர் காதில் கை வைக்கிறாரா என்று பார்க்கிறேன். நல்ல கோலுக்கும் அப்படித்தான். தவறான கோல் ஒன்றை எடுக்கப்போய், சரியான கோல் அத்தனையின் முதல் நொடியையும் எடுத்துவிட்டார்கள்.

நடந்ததை அப்பத்தாவுக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இனிமே கோல் போட்டா நீங்களா கத்தலாமா, இல்ல அந்த ரூம்ல இருக்கறவுக சொல்லணுமா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருகிறவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.