காம்பைப் பாருங்க, காய் எதுன்னு தெரியும்: பூசணி, பரங்கி, பட்டர்நட்

[காட்சி: மர மேசை. மேலே நாலு காய். சாம்பல் பூத்த பெரிய காய் ஒண்ணு, வரி வரியா பரங்கி ஒண்ணு, சுரைக்காய் மாதிரி இடுப்பு ஒடுங்கின பட்டர்நட், கரும்பச்சை சுக்கினி.]

இந்த நாலுல பூசணிக்காய் எது?

சாம்பல் பூத்ததைக் காட்டுவீங்க. சரிதான். ஆனா யாழ்ப்பாணத்துக்காரங்ககிட்ட கேட்டா பரங்கியைக் காட்டி இதுதான் பூசணின்னு சொல்வாங்க. சாம்பல் பூத்தது அவங்களுக்கு நீத்துப்பூசணி. திருநெல்வேலில அதே காய் தடியங்காய். ஈரோடு, கோயம்புத்தூர் பக்கம் பரங்கிக்காய்னு கேட்டா கடைக்காரர் ஒரு நொடி யோசிச்சுட்டு, "அரசாணியா?"ன்னு கேட்பார். இதுக்கு நடுவுல மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி, கல்யாணப் பூசணி, வெள்ளைப் பூசணி வேற.

பேரை வெச்சுக் கண்டுபிடிக்கப் போனா ஊருக்கு ஊர் சண்டைதான். நிறமும் கை கொடுக்காது, ஒரே கொடியில பச்சைக் காயா இருக்கறதே பழுத்தா மஞ்சளாயிடும். நான் பார்க்கறது காம்பை.

[காட்சி: பரங்கியின் காம்பு, மிக அருகில்.]

இந்தப் பரங்கிக் காம்பைப் பாருங்க. கட்டை மாதிரி கெட்டி. சுத்தி அஞ்சு பட்டை. காயில வந்து சேருற இடத்துல யானைக்கால் பாதம் மாதிரி விரிஞ்சு உட்கார்ந்திருக்கு. இந்த விரிப்பு இருந்தா அது அறிவியல் பேர்ல குக்குர்பிட்டா மொஸ்காட்டாங்கற இனம். நம்ம ஊர்ப் பரங்கி பெரும்பாலும் இந்த இனம்தான்.

[காட்சி: பட்டர்நட்டின் காம்பு.]

இப்ப பட்டர்நட். அதே அஞ்சு பட்டை, அதே விரிப்பு. சூப்பர் மார்க்கெட்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள உட்கார்ந்துட்டு ஏதோ ஐரோப்பாவுல இருந்து வந்த மாதிரி விலை சொல்லுது. பார்த்தா நம்ம பரங்கியோட கூடப்பிறந்ததுதான். பரங்கிக்காய் போடற எந்தக் கூட்டுலயும் தாராளமா போடலாம், கொஞ்சம் வெல்லத்தை மட்டும் குறைச்சுக்கோங்க.

சுக்கினி வேற இனம், குக்குர்பிட்டா பெப்போ. காம்புல பட்டை உண்டு, கையைக் குத்துற சொரசொரப்பும் உண்டு, ஆனா காயில சேருற இடத்துல அந்த மாதிரி விரியாது. அமெரிக்காவுல ஹாலோவீனுக்குக் கண்ணு, மூக்கு செதுக்குற ஆரஞ்சுப் பூசணியும் இதே பெப்போதான். சுக்கினியை நாம பிஞ்சுலயே பறிச்சுடறதால உருவம் ஏமாத்துது.

மூணாவது இனம் குக்குர்பிட்டா மாக்ஸிமா. காம்பு உருண்டையா, பட்டை இல்லாம, பாட்டில் தக்கை மாதிரி மெத்துன்னு இருக்கும். நகத்தால கீறினா அமுங்கும். பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா சூர்யமுகிங்கற ரகம் இந்த இனம். அதே நிறுவனத்தோட அர்கா சந்தன் மொஸ்காட்டா. 2023ல கலிஃபோர்னியாவுல உலக சாதனை பண்ணுச்சே 1,247 கிலோ ராட்சசப் பூசணி, அதுவும் மாக்ஸிமாதான். வாயில வைக்க லாயக்கில்லாத காய், ஆனா எடை மேடையில ராஜா.

இந்த மூணு இனமும் அமெரிக்கக் கண்டங்கள்ல பிறந்ததுங்க. கொலம்பஸுக்கு முன்னாடி நம்ம பக்கம் இதோட விதைகூடக் கிடையாது. வெள்ளைக்காரனைப் பரங்கின்னு சொன்ன காலத்துல வந்த காய்க்குப் பரங்கிக்காய்னே பேர் நின்னுடுச்சு.

[காட்சி: சாம்பல் பூசணியை விரலால் துடைக்க, விரல் நுனியில் வெள்ளை மாவு.]

சாம்பல் பூசணி இந்தக் குடும்பத்துல தூரத்து உறவு. பெனின்காசா ஹிஸ்பிடா, ஆசியாக்காரன். பிஞ்சுல உடம்பெல்லாம் சுணை, தொட்டா அரிக்கும். முத்த முத்த சுணை உதிர்ந்து இந்த மெழுகுப் பூச்சு வரும். இந்த மெழுகு இருக்கறதாலதான் வெட்டாத காயை உறி கட்டித் தொங்கவிட்டா மாசக்கணக்குல கெடாம இருக்கு. மோர்க்குழம்புக்கும் இதுதான், காசி அல்வாவுக்கும் இதுதான், ஆயுத பூஜைக்கு நடுரோட்டுல உடைச்சு பைக்காரங்களை வழுக்க வைக்கறதும் இதுதான். அந்தப் பழக்கத்தைத் தயவுசெஞ்சு விடுங்க, ஓரமா உடைச்சாலும் திருஷ்டி போகும்.

[காட்சி: பரங்கிக் கொடி. இலை நெருக்கத்தில். நரம்பு பிரியும் இடங்களில் வெள்ளித் திட்டு.]

இனி வளர்ப்பு. முதல்ல என் முட்டாள்தனம் ஒண்ணைச் சொல்லிடறேன். முதல் வருஷம் பரங்கி போட்டப்ப, இலையில இந்த மாதிரி வெள்ளைத் திட்டு வந்துச்சு. சாம்பல் நோய்னு நினைச்சு ரெண்டு கொடியைப் பிடுங்கிக் குப்பையில போட்டுட்டேன். நோயே இல்லை! மொஸ்காட்டா இலையோட பிறவி அடையாளம் அது. சாம்பல் நோய்னா மாவு தூவின மாதிரி இருக்கும், விரலால தேச்சா ஒட்டும், நாளுக்கு நாள் பரவும். இந்தத் திட்டு நரம்பு பிரியற மூலையிலயே நிக்கும், தேச்சாலும் போகாது. பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தேச்சுப் பாருங்க.

விதைக்க ஆடிப் பட்டம் நல்லது, இல்லைன்னா மார்கழி, தை. ஒரு அடிக்கு ஒரு அடி குழி, குழிக்குக் குழி ரெண்டு மீட்டர், குழிக்குப் பத்து கிலோ மக்கின தொழு உரம். அஞ்சு விதை போட்டு, பதினஞ்சு நாள்ல நல்லா வந்த ரெண்டை விட்டுட்டு மத்ததை எடுத்துடுங்க. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட கோ 1 ரகத்துல காய் 7, 8 கிலோ வரும். வீட்டுக்கு அவ்வளவு எதுக்கு? கோ 2 போடுங்க, ஒன்றரை, ரெண்டு கிலோ, 135 நாள்ல முடிஞ்சிடும். மாடித் தோட்டத்துல பரங்கி வைக்கலாமான்னு கேட்டா, வைக்கலாம், ஆனா கொடி பக்கத்து வீட்டு டேங்க் வரைக்கும் போயிடும்.

[காட்சி: காலை வெளிச்சம். இரண்டு பூக்கள், ஒன்றின் அடியில் குட்டிப் பரங்கி.]

"பூ பூவா கொட்டுது, காயே வரல." எல்லாரும் கேட்கற கேள்வி இதுதான். முதல்ல வர்றது பூரா ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். பெண் பூ கொஞ்ச நாள் கழிச்சு வரும். அடியில கோலிகுண்டு மாதிரி ஒரு பிஞ்சோடவே வரும், அதுதான் அடையாளம். மார்கழிக் கோலத்துல சாணி உருண்டை மேல வைக்கப் பூப்பறிக்க அனுப்பும்போது எங்க பாட்டி, "பிஞ்சு இல்லாததா பாத்துப் பறிடா"ம்பாங்க. அன்னைக்கு அது பக்தின்னு நினைச்சேன். பாட்டி பொங்கல் கூட்டுக்குக் காயைக் காப்பாத்தியிருக்காங்க.

தேனீ வராத இடம்னா நீங்கதான் தேனீ. பூ விடியற நேரத்துல விரியும், வெயில் ஏறினா சுருங்கிடும். அதனால எட்டு மணிக்குள்ள ஒரு ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுட்டு, நடுவுல இருக்கற மகரந்தத் தண்டைப் பெண் பூவோட சூல்முடியில மெதுவா தடவுங்க. அவ்வளவுதான். பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் பேப்பர் கூடு கட்டிடுங்க, பழ ஈ முட்டை வைக்காது.

விதை எடுத்து வைக்கறவங்க மட்டும் இதைக் கவனிங்க. பரங்கியும் பட்டர்நட்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா கலந்துடும். இந்த வருஷக் காய்ல ஒரு வித்தியாசமும் தெரியாது, விதையிலதான் கலப்பு. அடுத்த வருஷம் ரெண்டுக்கும் சேராத ஒரு காய் வந்து நிக்கும். அதைத் தடுக்க, மறுநாள் விரியப் போற ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முதல் நாள் சாயங்காலமே நூலால கட்டிடுங்க. காலையில அவிழ்த்து, தடவி, பெண் பூவைத் திரும்பக் கட்டுங்க. சாம்பல் பூசணியைப் பத்திக் கவலை வேண்டாம், அது இதுங்களோட சேரவே சேராது. இப்படி எடுத்து வெச்ச விதையில வந்த காய் எப்பவாவது கசந்தா, ஒரு துண்டுகூட விழுங்காதீங்க, துப்பிடுங்க. கொதிக்க வெச்சாலும் அந்தக் கசப்பு போகாது, வயித்தைக் கெடுக்கும்.

[காட்சி: காய்ந்த காம்பு. கத்தரி.]

தோல்ல நகம் இறங்கலைன்னா, காம்பு பச்சை போய் மரக்கலர் ஆயிடுச்சுன்னா காய் முத்திடுச்சு. முறுக்கிப் பிடுங்காதீங்க. ரெண்டு, மூணு விரக்கடை காம்போட கத்தரிச்சு எடுங்க, அதைப் பிடிச்சுத் தூக்கவும் வேண்டாம். காம்பு உடைஞ்ச இடத்துலதான் முதல்ல அழுகும். பத்து நாள் நிழல்ல வெச்சுட்டுப் பரண்ல ஏத்தினா சித்திரை வரைக்கும் சாப்பிடலாம்.

[காட்சி: பரணில் வரிசையாகப் பரங்கிகள், ஒவ்வொன்றிலும் காம்பு.]