ஈயமில்லாப் பற்றாசும் பணிமேசைப் புகையும்

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்றாசுக் கம்பியை உருக்கி, மின்னணுப் பலகையில் ஓர் இணைப்பைப் பற்றவைக்கும்போது சுருண்டெழும் வெண்புகையை ஈயப்புகை என்று எண்ணி அஞ்சுவோர் பலர். ஈயத்தின் கொதிநிலை ஏறத்தாழ 1,749 டிகிரி செல்சியஸ். சால்டரிங் அயர்னின் முனையோ பெரும்பாலும் 350 டிகிரியை ஒட்டியே இருக்கும் என்பதால், அங்கே ஈயம் உருகுமே தவிர, பொருட்படுத்தும் அளவுக்கு ஆவியாவதில்லை. கண்ணில் படுவது, கம்பியின் உள்ளீடாக உள்ள, உலோகப் பரப்பைத் துப்புரவாக்கிப் பற்றாசு ஒட்ட உதவும் ஃபிளக்ஸின் புகை. அதில் ரோசின் என்னும் பைன் மரப் பிசின் இருந்தால், அப்புகையை நாள்தோறும் சுவாசிப்பவருக்கு ஆஸ்துமா வரக்கூடும். ஈயமில்லாக் கம்பிக்கு மாறினாலும் இந்தத் தொல்லை தீராது. அதை உருக்கக் கூடுதல் சூடு தேவைப்படுவதால் புகை மிகுவதும் உண்டு.

ஈயம் உடலுக்குள் புகுவது பெரும்பாலும் விரல் வழியாகத்தான். கம்பியைப் பிடித்த விரல்களில் படியும் சாம்பல் நிறக் கறை, கை கழுவாமல் உண்ணும்போது வாய்க்குள் போகிறது. உடையில் ஒட்டிய துகள் வீட்டுக் குழந்தையையும் எட்டலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் மிகக் குறைந்த அளவிலும் பாதிக்கிறது.

எனினும், ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களின் ஒரே சீரான பொருளாலான பகுதி ஒவ்வொன்றிலும் ஈயத்தை எடையில் 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியதற்கு, பற்றவைப்பவரைவிட, கழித்துப் போட்ட பலகைகளை உடைத்தும் எரித்தும் உலோகம் பிரிப்போரும், அக்கழிவு கசியும் நிலமும் நீருமே முதன்மைக் காரணம். அந்த நோக்கம் நியாயமானது என்றே கருதுகிறேன்.

அதற்கான விலையும் சிறிதன்று. வெள்ளீயம் 63, ஈயம் 37 என்ற பழைய கலவை 183 டிகிரியில் சட்டென்று உருகி, பளபளப்பாக உறையும். வெள்ளீயத்தோடு 3 சதவீத வெள்ளியும் 0.5 சதவீதச் செம்பும் சேர்ந்த கலவைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். இணைப்பு நன்றாக அமைந்தாலும் மங்கலாகத் தெரிவதால், பழகாத கண் அதைப் பழுதென்று எண்ணிவிடும். அயர்ன் முனையும் விரைவில் அரித்துப்போகிறது. இவற்றைவிடக் கவலை தருவது, தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து தானாக வளரும் மயிரிழை போன்ற உலோக இழைகள் அண்டை முனைகளைத் தொட்டு மின் குறுக்குச்சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கிவிடுவதாகும். 1998இல் கேலக்ஸி 4 செயற்கைக்கோள் செயலிழந்ததற்கு அத்தகைய இழைகளே காரணமாகக் கருதப்படுகின்றன. சிறிதளவு ஈயம் இவ்வளர்ச்சியைப் பெரிதும் அடக்குவதால், விண்வெளித் துறை இன்றும் அதை முற்றாகக் கைவிடவில்லை.

ஆகவே புதிய பொருள்களுக்கு ஈயமில்லாக் கம்பியையும், பழைய பலகையைப் பழுதுபார்க்க அதில் முன்பே உள்ள கலவையையும் பயன்படுத்துவதே பொருத்தம். எந்தக் கம்பியானாலும், புகையை முகத்துக்கு எட்டாமல் இழுத்து வெளியேற்றும் விசிறி வேண்டும். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.