ஒருவன் ஓடினால் கேட்டோடு

(மன்னார்குடியில் படைவீரர் கொடிநாளையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற கர்னல் ஐயா அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு இடையில் திருவாரூரிலிருந்து வந்து மேடையைச் சிறப்பித்திருக்கும் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அவர்களே, வருவாய்க் கோட்டாட்சியர் அம்மையார் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்ததோடு நில்லாமல் வாசலில் நின்று சந்தனமும் கல்கண்டும் கொடுத்து எல்லோரையும் வரவேற்ற வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதி முடித்துவைத்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, விழாக் குழுவினரே, கணவரின் போஸ்டிங் ஆர்டருக்குப் பின்னாலேயே பெட்டி கட்டிப் பழகிய என் சகோதரிகளே, பெரியோர்களே, பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கர்னல் ஐயா உள்ளே நுழைந்தபோது மூன்றாம் வரிசையில் ஒருவர் துள்ளியெழுந்து விறைப்பாக நின்றதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர்தான் என் கணவர். சுபேதாராக ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. உடம்பு மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை.

1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்த நாளில் போர்க்களத்தைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அதைப் பேசும் தகுதியுள்ளவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். 1999 கார்கில் போரில் உயிரீந்த மேஜர் சரவணனின் நினைவிடம் திருச்சியில் நிற்கிறது. அந்த வழியாகப் போகும் பேருந்துகளில் இருப்பவர்களுக்கு அந்த வரலாற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பேச வந்தது படைவீரனின் குடும்பம் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுவதைப் பற்றி. அதிலும் வீடு, பிள்ளைகளின் படிப்பு, மனைவியரின் வேலை ஆகிய மூன்றையும் பற்றிப் பேசலாம் என்று எண்ணி வந்திருக்கிறேன்.

என் மாமியார் எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்: ஊர் ஓடினால் ஒத்தோடு, ஒருவன் ஓடினால் கேட்டோடு. இதன் முதல் பாதியை நம் டெல்டாக்காரர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடி வட்டத்தில் தென்னை சாயாத தோப்பும் ஓடு பறக்காத தெருவும் அரிது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் யார் வீட்டில் உலை கொதித்தாலும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிடி சோறு போயிற்று. ஊரே ஓடியது, எல்லோரும் ஒத்து ஓடினோம். பழமொழியின் இரண்டாம் பாதிக்குத்தான் இன்னும் ஆள் வரவில்லை. தெருவில் ஒரு குடும்பம் மட்டும் பெட்டியோடு வந்து இறங்குகிறது. இரண்டு ஆண்டு கழித்து அதே பெட்டியோடு கிளம்புகிறது. ஏன் வந்தாய், எங்கே போகிறாய், பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்று கேட்பதற்கு ஆளில்லை.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீஸ் ஸ்டேஷன், அதாவது அமைதிப் பகுதியில் பணி என்றால் குடும்பத்தை அழைத்துப் போகலாம். ஃபீல்டு, அதாவது எல்லை போன்ற களப் பணி என்றால் கூடாது. பீஸ் ஸ்டேஷனிலும் போன உடனே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடாது. வரிசையில் காத்திருக்க வேண்டும். கிடைத்த வீட்டைக் காலி செய்யும் நாளை மார்ச்சிங் அவுட் என்பார்கள். கணக்கர் ஒருவர் அட்டையும் பேனாவுமாக வந்து கட்டில், மின்விசிறி, குழாய், சன்னல் கண்ணாடி, கதவின் தாழ்ப்பாள் வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்வார். குறைந்தால் பணம் கட்ட வேண்டும். சுவரில் பிள்ளை கரிக்கோலால் வரைந்த யானையை முந்தின இரவே உட்கார்ந்து அழித்தாக வேண்டும். வெளியே வராந்தாவில் கறுப்புச் சாயம் பூசிய பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை எழுத்தில் கணவரின் எண், பதவி, பெயர், யூனிட். பதவி உயர உயரப் பழைய எழுத்தின் மேல் புதிய எழுத்து ஏறும். எங்கள் வீட்டுப் பெரிய பெட்டியை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், சுபேதாருக்கு அடியில் ஹவில்தாரும் அதற்கும் அடியில் நாயக்கும் இன்றும் தெரிவார்கள்.

மேடைகளில் எங்களைப் புகழ்பவர்கள் எங்களை நாற்றோடு ஒப்பிடுவது வழக்கம். நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்டால்தான் பயிர் செழிக்கும் என்பார்கள். சொல்பவர்கள் வயலில் இறங்காதவர்கள் என்று நினைக்கிறேன். நாற்றை ஒரே ஒரு முறைதான் பிடுங்கி நடுவோம். அதன்பிறகு அறுவடை வரைக்கும் வேரைத் தொட மாட்டோம்.

இப்போது பிள்ளைகளின் படிப்புக்கு வருகிறேன். என் மூத்த மகனின் கதையைச் சொல்ல அவனிடம் தொலைபேசியில் அனுமதி வாங்கியிருக்கிறேன். அதனால் யாரும் அவனுக்காகச் சங்கடப்பட வேண்டியதில்லை. என் கணவருக்கு ஃபீல்டு வந்தது. நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாமணி ஆற்றங்கரையில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டேன். பையனை இங்கேயே ஒரு பள்ளியில் சேர்க்கப் போனோம். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். அலுவலக எழுத்தர் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டே வந்தார். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி எல்லாம் முடிந்தன. "தம்பி, சொந்த ஊர் எது?" என்று பையனிடமே கேட்டார். அவன் ஒரு நொடிகூடத் தயங்காமல், "56 ஏபிஓ" என்றான்.

சேவையில் இல்லாதவர்களுக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீரர் எந்த மலையில் எந்தப் பாசறையில் இருந்தாலும், அவருக்கு எழுதும் கடிதத்தில் இடத்தின் பெயர் இருக்காது. எண், பெயர், யூனிட், கடைசியில் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்று படை அஞ்சலகத்தின் எண், அவ்வளவுதான் முகவரி. எழுதப் பழகிய நாளிலிருந்து என் மகன் அப்பாவுக்கு எழுதிய ஒரே முகவரி அதுதான். எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு, "அது எந்த மாவட்டம்?" என்றார். "மாவட்டம் இல்லை சார், அங்கே அப்பா இருக்கிறார்" என்றான். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்தார். வருகைப் பதிவேட்டை வாங்க வந்த கணக்கு ஆசிரியர் அப்படியே நின்றுவிட்டார். ஒருவர் அது காஷ்மீரில் இருக்கிறது என்றார்; இன்னொருவர் இல்லை, பஞ்சாபில் என்றார். கணக்கு ஆசிரியர், "சரி, அங்கே எந்த பஸ் போகும்?" என்று கேட்டார். "பஸ் போகாது சார், கடிதம்தான் போகும்" என்றானே பார்க்கலாம்! அலுவலகமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்காதவர் என் மாமியார் ஒருவர்தான். தூக்குச்சட்டியோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர் விடுவிடுவென்று உள்ளே வந்து, "ஏன் தம்பி, என் பேரனுக்கு ஊரா இல்லை? எழுதிக்கொள்ளுங்கள்" என்று தொடங்கி, எங்கள் ஊர், வருவாய்க் கிராமம், பட்டா எண், குலதெய்வம், தம் மாமனாரின் தகப்பனார் பெயர் வரை சொல்லிக்கொண்டே போனார். எழுத்தர் பாவம், பட்டா எண் வரை எழுதிவிட்டார். அதன்பின் அந்தக் கட்டத்தில் இடமில்லை.

சிரிப்பு அன்றோடு முடிந்தது. முதல் தேர்வில் தமிழ் விடைத்தாள் வந்தது. என் மகன் தமிழ் பேசுவான். அவன் தமிழ் முழுவதும் அவன் அப்பாயியின் வாயிலிருந்து வந்தது. ஆகவே காதில் விழுந்ததைக் காதில் விழுந்தபடியே எழுதியிருந்தான். வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகியிருந்தது. ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்திருந்தார். அவர் கடமையை அவர் செய்தார். ஆனால் இந்தப் பையன் எங்கிருந்து வந்தான், இதற்குமுன் எந்த மொழியில் என்ன படித்தான் என்று அந்த ஆண்டு முழுவதும் ஒருவரும் கேட்கவில்லை. வடக்கே இருந்தவரை அவனுக்குப் பெயர் மதராசி. இங்கே வந்ததும் வகுப்பில் இந்திக்காரன் என்று பெயர் வைத்தார்கள். ஒருவன் ஓடினால் கேட்டோடு என்று என் மாமியார் அப்போதும் சொன்னார், இந்த முறை சற்றுக் கோபமாக.

இதில் யாரையும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. இடம் மாறும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1963-இல் 20 ரெஜிமென்ட் பள்ளிகளை எடுத்துத் தொடங்கியதுதான் இன்று நாம் கேந்திரிய வித்யாலயா என்று அழைக்கும் பள்ளி அமைப்பு. ஜோத்பூரில் படித்த பாடத்தைத் தஞ்சாவூரில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோத்தி நிலையத்துக்கு வாராந்திர ரயிலே ஓடுகிறது. ரயிலும் பாடப்புத்தகமும் தொடர்ந்து போகின்றன. தமிழ்தான் இடையில் இறங்கிவிடுகிறது. இந்தியும் சமஸ்கிருதமும் படித்து வளர்ந்த பிள்ளை, தகப்பனாருக்கு ஃபீல்டு வந்த ஆண்டிலோ ஓய்வுபெற்ற ஆண்டிலோ இங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் வந்து விழுகிறான். தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அந்தச் சட்டத்தை நான் மனமார வரவேற்பவள். பயிற்சி பெற்ற தமிழாசிரியை வேறு எப்படிப் பேசுவாள்? தமிழ் நாட்டில் படிக்கும் பிள்ளை தமிழ் படிக்கத்தான் வேண்டும். விலக்கு கேட்டு மனு எழுதும் பெற்றோரைக் கண்டால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. எங்கள் பிள்ளைக்குத் தமிழிலிருந்து விலக்கு வேண்டாம், தமிழ் வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள ஒரு படிக்கட்டுக் கட்டிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இதற்காகத்தான் சில ஆண்டுகளாகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டங்களில் என் முகம் தென்படுகிறது. உதவி இயக்குநர் ஐயா புன்னகைக்கிறார். அவரிடமும் மனு கொடுத்திருக்கிறேன். கோரிக்கை பெரிதல்ல. வீரருக்கு ஆண்டு விடுப்பு 60 நாள். பெரும்பாலானோர் பிள்ளைகளின் கோடை விடுமுறையை ஒட்டித்தான் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார்கள். மே மாதம் தொடங்கி, ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும் நாள் வரைக்கும், மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் நாகப்பட்டினத்திலும் ஒவ்வோர் அரசுப் பள்ளியின் ஒரே ஓர் அறையைக் காலை வேளையில் திறந்து வையுங்கள். கரும்பலகை அங்கேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இந்த மாவட்டங்களில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். என் மகனுக்கு மாலைதோறும் திண்ணையில் உட்கார்ந்து ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக் காட்டியவரும் அப்படி ஒருவர்தான். குருதட்சிணையாக வாங்கியது வெற்றிலை பாக்கு மட்டும். பையன் பத்தாம் வகுப்பில் தமிழில் தேறினான்.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020-இல் சுகோய் விமானப் படைப்பிரிவு வந்தது. அதை ஒட்டி நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் நம் ஊருக்கு வந்து குடியேறியிருக்கின்றன. நாம் வடக்கே போய்ப் பட்டதை அவர்கள் இங்கே வந்து படுகிறார்கள். அந்தப் பிள்ளைகளும் விரும்பினால் வந்து உட்காரட்டும். பஞ்சாபிப் பிள்ளை 'அ' எழுதினால் நமக்கு என்ன நட்டம்? அந்தக் குடும்பங்களைக் கடைத்தெருவில் பார்த்தால் எந்த ஊர் என்று கேளுங்கள். ஒருவன் ஓடினால் கேட்டோடு என்பது நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் சொன்ன பழமொழி அல்ல.

மனைவியரின் வேலையைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். ஆசிரியப் பயிற்சி முடித்தும் எந்தப் பள்ளியிலும் நிலைத்துப் பணியாற்ற முடியாத என்னைப் போன்றவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர் என்று கேட்டால் பல கைகள் உயரும். ஆனால் தலைவர் ஐயா இரண்டாம் முறையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்துக் கொடிநாள் நிதி திரட்டிய மாணவர்களுக்குப் பரிசளிப்பு இருக்கிறது. வேலையைப் பற்றிய பேச்சை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன்.

வாசலுக்கு அருகே உள்ள மேசையில் கோடைத் தமிழ் வகுப்புக்கான மனு இருக்கிறது. கையெழுத்திடும்போது ஊரின் பெயரையும் பிள்ளையின் வகுப்பையும் தெளிவாக எழுதுங்கள். கோட்டாட்சியர் அம்மையார் இன்றே பெற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கணவர் ஃபீல்டில் இருந்தால் அவருக்காக நீங்களே கையெழுத்திடலாம். முகவரிக் கட்டத்தில் மட்டும் 56 ஏபிஓ என்று எழுதிவிடாதீர்கள். பதில் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். நன்றி, வணக்கம்.