லைசென்ஸ் வாங்கியாச்சு, வேலை எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். ஹெலிகாப்டர் ஓட்டக் கற்க விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது பயிற்சிச் செலவைத்தான். லைசென்ஸ் கைக்கு வந்தபின் யார் வேலை தருவார்கள் என்று கேட்பவர் குறைவு. நான் பேச வந்தது அதைப் பற்றி.

சர்வதேச விதிப்படி, வணிக பைலட் லைசென்ஸுக்கு 150 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்தில் படித்தால் 100 மணி நேரமே போதும். ஆனால் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கம்பெனிகள் பல ஏறக்குறைய 1000 மணி நேரம் எதிர்பார்க்கின்றன. ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டருக்கு 2000 கூடக் கேட்பார்கள். ராத்திரியில், முன்பின் பார்க்காத இடத்தில் இறக்க வேண்டிய வேலையாயிற்றே! முதலாளிக்கு உங்களைப் பிடித்துப்போனாலும், காப்பீட்டுக் கம்பெனி தலையசைக்காமல் ஹெலிகாப்டரைத் தர மாட்டார்.

சரி, நடுவில் இருக்கும் அத்தனை மணி நேரத்தை எப்படிச் சேர்ப்பது? பெரும்பாலோர் போகும் வழி, இன்ஸ்ட்ரக்டர் ஆவது. கைக்காசு போடாமல், சம்பளம் வாங்கிக்கொண்டே பறக்கலாம். மாணவர் ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்தத் தடுமாறும்போது, எந்த நொடியில் நாம் கை வைக்க வேண்டும் என்பது கற்பிக்கும்போதுதான் பிடிபடும். இந்தப் பக்குவம் வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் வராது என்பது என் கருத்து. இதிலும் ஒரு முடிச்சு உண்டு. அமெரிக்காவில், பயிற்சிக்குப் பயன்படும் ராபின்சன் ஆர்22 என்ற சிறிய ரக ஹெலிகாப்டரில் கற்பிக்க, ஹெலிகாப்டரில் 200 மணி நேர அனுபவம் வேண்டும். படிப்புச் செலவைக் கணக்குப் போடும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலில் உள்ள எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் வேலை சற்று மாறுபட்டது. அங்கே ஏடபிள்யூ139 போன்ற பெரிய ஹெலிகாப்டர்களில் இரண்டு பைலட்டுகள் அமர்வதால், குறைந்த அனுபவமுள்ளவருக்குத் துணை பைலட்டாக இடம் கிடைக்கலாம். அதற்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது வெளியே பார்க்க முடியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி, அவசியம். தண்ணீரில் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியேறும் பயிற்சியும் எடுத்தாக வேண்டும். கேப்டன் ஆவதற்கு ஏ.டி.பி.எல். என்ற, வணிக லைசென்ஸுக்கும் மேற்பட்ட லைசென்ஸைக் கேட்பார்கள், அதற்கு 1000 மணி நேரம். நீளக் கயிற்றில் சரக்குத் தூக்குவது, காட்டுத்தீ அணைப்பது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சிறிய தொழில் இது. யார் எப்படிப்பட்டவர் என்பது எல்லோர் காதுக்கும் போய்விடும். எரிபொருள் நிரப்பவும் ஹெலிகாப்டர் நிறுத்தும் கொட்டகையான ஹாங்கரைப் பெருக்கவும் முகம் சுளிக்காதவரைத்தான் காலி இடம் வரும்போது முதலில் கூப்பிடுகிறார்கள்.

பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: இங்கே படித்து முடித்தவர்களில் எத்தனை பேரை நீங்களே இன்ஸ்ட்ரக்டராக வைத்துக்கொண்டீர்கள்? பதிலில் மழுப்பல் தெரிந்தால் வேறு பள்ளியைப் பாருங்கள்.