பெயரெழுதி வைத்த ஓவியர்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மீறிப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த ஓவியப் பெருமக்களே, இந்த அரங்கை வாடகையின்றி அளித்த புரவலர் அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ரோம் நகரத்து ஓவியர் பியர் லியோனே கெட்ஸியைப் (1674–1755) பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். முதலாவது, போப்பாண்டவர் பதினோராம் கிளெமென்ட்டின் ஆதரவில் அவர் தீட்டிய படங்கள்; இரண்டாவது, பிராஸ்காத்தி ஊரில் ஃபால்கோனியேரி மாளிகைச் சுவரோவியங்கள்; மூன்றாவது, கேலிச்சித்திரங்கள். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. அதற்கு உரையெழுதியதுபோல் அமைந்திருப்பதால் மூன்றாவதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அவருக்கு முன்பே இத்தாலியக் கலைஞர்களான கராச்சியும் பெர்னினியும் நண்பர்களைச் சிரிக்கவைக்க இத்தகைய படங்களைக் கிறுக்கியதுண்டு. கெட்ஸியோ வாழ்நாள் முழுவதும் கர்தினால்களையும் பாடகர்களையும் பழம்பொருள் பித்தர்களையும் விடாமல் வரைந்து தள்ளினார்.

1723-ஆம் ஆண்டு சனவரி மாதம். ரோமின் காப்ரானிக்கா அரங்கில் ஓர் ஓபெரா, அதாவது இசை நாடகம். கிரேக்கப் புராணத்தில் வரும் அமேசான் வீராங்கனைகளோடு மாவீரன் எர்குலிஸ் போரிடும் கதை அது. ஆனால் ரோமில் பெண்கள் மேடையேறத் தடை! ஆகவே, ஆண் துணையே வேண்டாமென்று வில்லேந்தி நின்ற அத்தனை வீராங்கனைகளும் ஆண்களாகவே இருந்தார்கள். (சிரிப்பு) அதற்கு இசையமைத்தவரோ வெனிஸிலிருந்து வந்த ஒரு பாதிரியார். அவரைக் கெட்ஸி விடுவாரா? பேனாவும் மையும் எடுத்தார். பக்கவாட்டு முகம், நீண்டு வளைந்த மூக்கு, இணைகோடுகளால் ஆன நிழல், அவ்வளவுதான். அடியில் தம் கைப்பட எழுதினார்: ‘செம்பட்டைப் பாதிரியார், இசையமைப்பாளர், 1723-இல் காப்ரானிக்காவில் ஓபெரா செய்தவர்.’ அவர்தாம் அந்தோனியோ விவால்டி!

அந்தத் தாள் இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. போலோஞ்ஞா நகரிலோ வயலினுடன் ஒருவர் தோன்றும் அழகிய எண்ணெய்வண்ண உருவப்படம் ஒன்று உண்டு. இசைத்தட்டு உறைகளில் அதை விவால்டி என்றே அச்சிடுகிறார்கள். ஆயினும் படத்தில் பெயர் இல்லாததால் அறிஞர்களின் ஐயம் இன்றும் தீரவில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியலாம்; அந்த முகம் யாருடையது என்பது எழுதி வைத்தால்தானே தெரியும்?

படங்களுக்குப் பெயரெழுதும் இயக்கத்தை நான் மேடைதோறும் வலியுறுத்துவது இதனால்தான். இந்த அரங்கின் பின்சுவரிலேயே மாலையிட்ட நான்கு பெரியவர்களின் படங்கள் தொங்குகின்றன. அவற்றில் இரண்டின் கீழ் பெயரில்லை. விழாக் குழுவினரைக் கேட்டேன், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேலிச்சித்திரம் வரைந்தவருக்கு இருந்த பொறுப்பு, மாலை போடுகிற நமக்கு வேண்டாமா?

சுவரோவியங்களைப் பற்றிச் சொல்வதற்குள் தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்தம் கட்டளைக்குப் பணிகிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களை எடுத்து வாருங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், தாள் பள்ளம் விழும். பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதினால் போதும். நன்றி, வணக்கம்.