கீரிமலையில் மலை எங்கே?

வணக்கம் உறவுகளே. காற்று கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கோ. ஆனி மாதம், சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, தொடங்கிவிட்டது. ஆனால் கடலைப் பாருங்கள், எவ்வளவு அடக்கமாக இருக்கிறது. சோளகத்துக்கு எங்கள் யாழ்ப்பாணத்து வடகரை இப்படித்தான் கிடக்கும். வாடைக்காற்று மாதங்களில் வந்தால் இதே இடத்தில் நின்று கதைக்க முடியாது.

நான் இப்போது நிற்பது கீரிமலைக் கேணிச் சுவருக்குப் பக்கத்தில். இடது கைப் பக்கம் கேணி, வலது கைப் பக்கம் கடல். நடுவில் இந்தச் சுவர்தான்.

போன கிழமை மலையகத்திலிருந்து நண்பன் ஒருவன் வந்திருந்தான். காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை தாண்டி, மாவிட்டபுரத்தில் திரும்பி இங்கே கூட்டி வந்தேன். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, "மலை எங்கேடா?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. இத்தனை வருடம் வந்து போகிறேன், அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. அதற்காகத்தான் இன்று தனியாக வந்தேன்.

பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. கீரி முகத்தோடு இருந்த நகுல முனிவர் இந்தத் தீர்த்தத்தில் நீராடி மனித முகம் பெற்றார் என்பார்கள். நகுலம் என்றால் கீரி. அதனால்தான் பக்கத்தில் இருக்கிற சிவன் கோயிலுக்கு நகுலேஸ்வரம் என்று பெயர். இலங்கையின் ஐந்து ஈஸ்வரங்களில் ஒன்று. போர்த்துக்கேயர் காலத்தில் இடிபட்டது, 1878இல் ஆறுமுக நாவலர் திருப்பணிக்குக் குரல் கொடுத்தார், 1990இல் குண்டு விழுந்து சிதைந்தது, திரும்பவும் கட்டி எழுப்பினார்கள். குதிரை முகம் நீங்கிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையும் இந்தத் தண்ணீரோடு சேர்ந்ததுதான். மாவிட்டபுரம் என்ற பெயரில் இருக்கிற "மா" அந்தக் குதிரை முகம்தான், மா என்றால் குதிரை.

சரி, கீரி வந்துவிட்டது. மலை?

இந்தக் கல்லைப் பாருங்கள். கமராவை நல்லாக் கிட்டக் கொண்டு வருகிறேன். இங்கே கரையில் மணல் இல்லை, இந்த மாதிரிக் கல்தான். முழுக்கத் துளை துளையாக இருக்கிறது, தேன்கூடு மாதிரி. இந்த ஓரத்தில் வரி வரியாகத் தெரிகிறதே, அது ஒரு சிப்பி. கல்லோடு கல்லாகிவிட்டது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு கடலுக்கு அடியில் படிந்தது. குடாநாடு முழுக்க, உங்கள் வீட்டு மா மரத்துக்குக் கீழேயும், இந்தக் கல்தான் கிடக்கிறது.

எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரிக்கு மட்டும் ஓடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழையை இந்தக் கல்தான் துளைகளுக்குள் வாங்கி வைத்திருக்கிறது. அது நிலத்துக்கு அடியால் நகர்ந்து வந்து, கடலுக்குள் போகிற கடைசி இடத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. அந்த இடம்தான் இந்தக் கேணி. மற்ற ஊர்களில் மலை எழும்பி நிற்கும், அருவி விழும். எங்கள் மலை படுத்துக் கிடக்கிறது, அருவியும் கீழேதான் ஓடுகிறது. நண்பனுக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன்.

இப்போதுதான் குளித்துவிட்டு ஏறினேன். முதல் படியில் கால் வைத்ததும் குளிர் உச்சந்தலை வரை ஏறும். வெயில் மண்டையைப் பிளக்கிறது, தண்ணீர் மட்டும் அப்படிக் குளிர். மற்றக் கரையில் பெடியள் பாய்ந்து விளையாடுகிறார்கள். பெண்களுக்குத் தனிக் கேணி அங்கால் இருக்கிறது.

ஒன்று மனம் பொறுக்காமல் சொல்கிறேன். படிக்கட்டில் ஷாம்பூ பைக்கற்றுகள் ஏழு பொறுக்கினேன். தயவுசெய்து சோப்பு, ஷாம்பூ கொண்டு வராதீர்கள். இந்தக் கல்லில் எதை விட்டாலும் அது வடிகட்டாது, நேரே தண்ணீருக்குள் போகும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். குடாநாட்டுக்கு அடியில் அப்படித்தான் நன்னீர் உப்பு நீருக்கு மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். எங்களுக்கு இருக்கிறது இவ்வளவுதான்.

காலையில் காங்கேசன்துறைக் கடற்கரைக்கும் போனேன். அங்கே மணல் கரை, வெள்ளை மணல், நாலைந்து பேர்தான். தமிழ்நாட்டு உறவுகளுக்கு: 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து கப்பல் வந்து சேர்ந்த துறை இதுதான். ரயிலும் 2015இல் திரும்ப இங்கே வரை வந்துவிட்டது. ஆனால் அந்த அமைதி எனக்கு முழுச் சந்தோசம் தரவில்லை. ஆட்கள் இருந்த இடம் அது. 1990 ஆனியில், போரில், இந்தப் பக்கத்து வலிகாமம் வடக்குச் சனம் கையில் அகப்பட்டதோடு வெளியேறியது. இராணுவம் பிடித்த காணி எல்லாம் இன்னும் விடுபடவில்லை.

அம்மாவின் ஊர் மயிலிட்டி. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. ஆடி அமாவாசைக்கு மாட்டு வண்டிலில் கீரிமலைக்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே முகாமில் எங்களை வளர்த்தார். 2017இல் மயிலிட்டியில் ஒரு பகுதியை விட்டபோது நானும் கூடப் போனேன். வீடு இல்லை, மதில் இல்லை, ஒழுங்கைகூடத் தெரியவில்லை. பற்றைக்குள் நடந்து நடந்து அம்மா ஒரு இடத்தில் நின்றார். "இஞ்சதான், இது எங்கட கிணறு" என்றார். கல்லை வெட்டி இறக்கிய கிணறு. எட்டிப் பார்த்தால் தண்ணீர் அப்படியே கிடந்தது. அந்தக் கிணற்றிலிருந்து அளந்துதான் குசினி எங்கே, முற்றம் எங்கே என்று கண்டுபிடித்தோம். அப்பாவின் அஸ்தியை இந்தக் கடலில்தான் கரைத்தோம். அம்மா அன்றைக்கும் இந்தக் கேணியில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

இன்று வெளிக்கிடும்போது ஒரு போத்தல் தந்துவிட்டார். கேணித் தண்ணீர் வேண்டுமாம், புது வீட்டு நிலையில் தெளிக்க. இதோ நிரப்பிவிட்டேன், மூடியை இறுக்குகிறேன். இனி நேரே மயிலிட்டிதான். இருட்டுவதற்குள் போனால் வள்ளங்கள் கடலுக்கு வெளிக்கிடுவதை உங்களுக்கும் காட்டலாம்.